மழையில் ஓட்டியவர்

அத்தியாயம் பதினொன்று

ஏழு ஷெல்பெக் ரொட்டி சுட வேண்டும். கம்ஷத் ஒன்பது சுட்டுவிட்டிருந்தாள்.

"செத்தவங்களுக்கு ஏழுதான், கெலின். ஒன்பது எதுக்கு?" என்றாள் மாமியார் குல்யாஷ். கெலின் என்றால் மருமகள்.

"தெரியல அத்தை. மாவு இருந்தது."

"மாவு இருந்தா சுட்டுக்கிட்டே இருப்பியா?"

குல்யாஷ் தட்டின் மேலிருந்த இரண்டை எடுத்தாள். ஒன்றைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, இன்னொன்றை மருமகளின் வாயருகே நீட்டினாள். கம்ஷத் மென்று விழுங்கினாள். உப்பு இருந்ததா இல்லையா என்று கேட்டிருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது.

கணவன் யெர்சின் போய் இன்றோடு நாற்பது நாள். ஜனவரிக் கடைசியில், அனல்மின் நிலையத்தில் இரவு வேலை முடித்து வந்தவன், கரகண்டா நகரத்துப் பனியில் பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்தான். மூன்று பஸ் வந்து போன பிறகுதான் யாரோ அவன் தோளைத் தொட்டுப் பார்த்தார்கள். முப்பத்தாறு வயது.

அன்றிலிருந்து கம்ஷத் அழவில்லை. மண் போட்ட அன்றும் அழவில்லை, ஏழாம் நாளும் அழவில்லை. கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போனாள், லென்ஸ் வெட்டினாள், வீட்டுக்கு வந்தாள். உறவுப் பெண்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசினார்கள். பாவம், உறைந்து போய்விட்டாள் என்றது ஒரு கட்சி. முதலிலிருந்தே அவள் அப்படித்தான் என்றது இன்னொன்று.

போன வாரம் குல்யாஷ் ஒரு முடிவு சொல்லியிருந்தாள். நாற்பதாம் நாள் சாப்பாட்டில் மகனுடைய சாமான்களைத் தபரிக்காக, அதாவது செத்தவரின் நினைவாக வேண்டியவர்களுக்கு, கொடுத்துவிட வேண்டும். உடலைக் குளிப்பாட்டியவர்களுக்குக் கோட்டும் பூட்சும். கடிகாரம் தாய்மாமனுக்கு. பால்கனியில் இருக்கிற ரேஸ் விளையாட்டு ஸ்டீயரிங், பெடல்கள், 'அந்த மூஞ்சிப் பெட்டி' எல்லாம் தம்பி துலத்துக்கு. கம்ஷத் தலையாட்டினாள். அன்றைக்கு அவளால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

*

மதியம் பன்னிரண்டுக்கு ஆட்கள் வந்தார்கள். முல்லா ஓதினார். குதிரைக்கறித் தட்டுகள் உள்ளே போயின, எலும்புகளாகத் திரும்பி வந்தன. பெண்கள் அறையில் அவளை நடுவில் உட்கார வைத்திருந்தார்கள்.

"ஒப்பாரி சொல்லு கண்ணு. இன்னிக்கு விட்டா இனி வருஷத்துக்குத்தான்," என்றாள் ஒரு பெரியம்மா.

கம்ஷத் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. அடைப்பு இருந்தால்கூடப் பரவாயில்லை, இருமித் தள்ளலாம். உள்ளே ஒன்றுமே இல்லை. குல்யாஷ்தான் மருமகளுக்குப் பதிலாகத் தொடங்கினாள், மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். கம்ஷத் விரிப்பின் ஓரத்து நூலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு சாமான்கள். ஒவ்வொன்றையும் வாங்கியவர்கள் நெற்றியில் ஒற்றிக்கொண்டு, "போன இடம் நல்ல இடமாகட்டும்" என்றார்கள். துலத்தின் முறை வந்தபோது குல்யாஷ் பால்கனிக் கதவைக் காட்டினாள்.

"உள்ள இருக்கறது உன்னோடது. பொழுது சாயறதுக்குள்ள வீட்டை விட்டுப் போயிடணும். கொடுத்த பொருள் கொடுத்த வீட்ல ராத்தங்கக் கூடாது."

"அஞ்சு மணி வரைக்கும் இங்க இருக்கட்டும்மா. இன்னிக்கு ரேஸ் இருக்கு. அண்ணன் சீட்லேர்ந்தே ஓட்டணும்."

"செத்த வீட்ல என்னடா விளையாட்டு?"

"விளையாட்டு இல்லம்மா. அண்ணனுக்காகத்தான் வெக்கறாங்க. நாப்பது கார் வருது."

நாற்பதாம் நாளுக்கு நாற்பது கார் என்பது குல்யாஷுக்குப் பிடித்திருந்தது. அதற்கு மேல் கேட்கவில்லை.

துலத் சொன்னது உண்மைதான். யெர்சின், துலத், கொஸ்தனாயில் ரயில் கட்டுப்பாட்டு அறையில் வேலை செய்யும் வதீம், தாஷ்கெண்டில் கேக் கடை வைத்திருக்கும் ஷுஹ்ரத் ஆகிய நால்வரும் ஒரு அணி. அவரவர் வீட்டிலிருந்தே, தடத்தைக் கண்முன் காட்டும் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, கணினி ரேஸில் ஒரே காரை மாறி மாறி ஓட்டுவார்கள். கார் எண் அறுபத்தொன்று. இன்று இரண்டு மணிக்கு மூன்று மணி நேர ரேஸ். கடைசி நாற்பது நிமிடம் அண்ணனின் கணக்கில் துலத் ஓட்டலாம் என்று ரேஸ் நடத்தும் லீக் சிறப்பு அனுமதி கொடுத்திருந்தது. முடிந்ததும் அந்த எண்ணையும் கணக்கையும் நிரந்தரமாக மூடிவிடுவார்கள். லீக்கின் அறிவிப்பில் யெர்சினின் பெயருக்குக் கீழே, 'மழையில் இவருக்கு இணையானவர் எங்களிடம் இருந்ததில்லை' என்று எழுதியிருந்தது.

கம்ஷத் அந்த வரியை எத்தனையோ முறை படித்திருந்தாள். அது அவளைப் பற்றியது.

*

மூன்று வருடம் முன்பு ஒரு ரேஸின் நடுவில் மழை பிடித்தது. யெர்சின் நான்கு சுற்று தாக்குப்பிடித்தான். பிறகு காரை டயர் மாற்றும் இடமான பிட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்தி, ஹெட்செட்டைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் குளியலறைக்கு ஓடினான். கண்ணுக்கு அரை முழத்தில் வைப்பர் இடமும் வலமும் போய்வர, எதிரே தண்ணீர்த் திவலை பறக்க, உடம்பு மட்டும் நாற்காலியில் அசையாமல் இருக்க, அவனுக்குக் குடல் புரண்டது. வெயிலில் எத்தனை மணி நேரமும் ஓட்டுவான். மழை என்றால் பத்து நிமிடத்தில் வாந்தி.

ஒலிபெருக்கியில் வதீம் கத்திக்கொண்டிருந்தான். டயர் மாற்றியாகிவிட்டது, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கம்ஷத் உட்கார்ந்தாள். இரவு வேலை முடித்து அவன் தூங்கும் மதியங்களில் அவள் அதில் விளையாடுவது உண்டு. வெயிலில் அவளுக்கு அவனளவு வராது. அன்று ஒன்பது சுற்று மழையில் ஓட்டி, ஆறாவதாக இருந்த காரை இரண்டாவதாகக் கொண்டுவந்தாள்.

யெர்சின் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து நின்று பார்த்தான். "உனக்கு ஒண்ணும் பண்ணலையா?" என்றான்.

"இல்லையே."

"பேய் பொண்ணு."

அதிலிருந்து பழக்கமாகிவிட்டது. "ஈர டயர் போடறேன்" என்று சொல்லிவிட்டு அவன் மைக்கை அணைத்து எழுந்துகொள்வான். அவள் உட்கார்ந்து இருக்கையை அடிச்சட்டத்தில் நான்கு பல் முன்னால் இழுத்து, தன் பவருக்குத் தானே வெட்டிய இரண்டு லென்ஸை ஹெட்செட்டுக்குள் பொருத்திக்கொள்வாள். மழை தொடங்கினால் யெர்சின் ஊமையாகிவிடுவான் என்று அணிக்குள் ஒரு கிண்டல் உண்டு. 'பேசாதீங்க, அண்ணன் தொழுகைல இருக்கான்' என்பான் துலத்.

ஒரு ஓட்டுநரின் கணக்கில் இன்னொருவர் ஓட்டக் கூடாது என்பது லீக்கின் விதி. கண்டுபிடித்தால் அணி ஜெயித்ததெல்லாம் போய்விடும். பாராட்டுகள் வர வர யெர்சினுக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. "இந்த சீசன் முடியட்டும், நானே சொல்லிடறேன். உன் பேர்லயே ஒரு கணக்கு ஆரம்பிச்சிடலாம்," என்றான். சீசன் முடியவில்லை.

இப்போது அவள் வாயைத் திறந்தால் அவனுடைய பெயர் போகும். திறக்காவிட்டால், ஐந்து மணிக்கு அந்தக் கணக்கோடு அவள் ஓட்டியதும் மூடப்படும். அப்படி ஒருத்தி இருந்தாள் என்று தெரிந்த ஒரே ஆள் மண்ணுக்குள் இருக்கிறான். நாற்பது நாளாக எதிலும் கை பட்டது தெரியாமல் நடமாடுகிறவளுக்கு, அந்த ஒன்றுதான் இன்னும் தன்னுடையதாகத் தோன்றியது. பேசாமல் இருந்துவிடுவது என்றுதான் காலையில் முடிவு செய்திருந்தாள். அதற்குக் கஷ்டப்பட வேண்டியிருக்கவில்லை.

*

நான்கு மணிக்கு விருந்தாளிகள் போய்விட்டிருந்தார்கள். கண்ணாடி அடைத்த பால்கனியில் குளிருக்குக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு துலத் இருக்கையில் உட்கார்ந்தான். லிஃப்ட் பழுது பார்க்கிறவன். எதைத் தொட்டாலும் முதலில் திருகாணிகளைச் சோதிக்கும் பழக்கம் உள்ளவன். ஹெட்செட்டை மாட்டியவன் உடனே கழற்றினான்.

"அண்ணி, எல்லாம் மங்கலா தெரியுது."

அவள் பதில் சொல்வதற்குள் உள்ளே விரலை விட்டான். 'டக்' என்று ஒரு லென்ஸ் கழன்று வந்தது, பிறகு இன்னொன்று. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

"இது பவர் லென்ஸ்."

"ஆமா."

"எவ்வளவு?"

"மைனஸ் நாலு."

துலத் லென்ஸ்களைப் பக்கத்துச் சிறு திரையின் அருகே வைத்தான். பிறகு அவன் குரல் தாழ்ந்தது.

"அண்ணனுக்குக் கண் இவ்வளவு மோசமா இருந்ததா? யார்கிட்டயும் சொல்லலையே. உங்களுக்குத் தெரியும், இல்ல? நீங்கதானே வெட்டிக் கொடுத்திருப்பீங்க."

"எர்கே—"

கொழுந்தன் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்பதால், கல்யாணமாகி வந்த வாரம் அவளே வைத்த பெயர் அது. செல்லப் பிள்ளை என்று அர்த்தம்.

"சர்க்கரையோ பிரஷரோ இருந்தா முதல்ல கண்ணுலதான் தெரியும்னு நீங்கதான் சொல்வீங்க. எத்தனை வாட்டி சொல்லியிருக்கீங்க. அப்ப வீட்ல ஒருத்தனுக்குக் கண்ணு போய்க்கிட்டிருக்கு, அவனுக்கு லென்ஸ் வெட்டிக் கொடுத்துட்டு சும்மா இருந்திருக்கீங்க. ஒரு டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போயிருந்தா..."

அவள் மூக்கின் மேல் அதே பவரில் ஒரு கண்ணாடி இருந்தது. ஒன்பது வருடமாக இருக்கிறது. அவன் அந்த முகத்தைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருந்தான். அண்ணிக்கும் அந்த ஹெட்செட்டுக்கும் ஏதாவது தொடர்பு இருக்கும் என்று அவன் மனம் போகவே இல்லை.

தேநீர்க் கிண்ணத்தோடு வந்த குல்யாஷ் வாசலில் நின்றுவிட்டாள்.

"யாருக்குடா கண்ணு போச்சு?"

"அண்ணனுக்கு. இவங்க மறைச்சிருக்காங்க."

"கெலின், நிஜமா?"

"ரேஸ் முடியட்டும் அத்தை. சொல்றேன்," என்றாள் கம்ஷத். சொன்ன பிறகுதான், அது 'சீசன் முடியட்டும்' என்ற யெர்சினின் சொல் என்று உறைத்தது.

குல்யாஷ் கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை. மருமகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒலிபெருக்கியில் வதீம் கூப்பிட்டான்: "துலத், கார் பிட்டுக்கு வருது. ரெடியா இரு. ரெண்டாவதா இருக்கோம்."

துலத் முகத்தைத் துடைத்து, லென்ஸ் இல்லாத ஹெட்செட்டை மாட்டிக்கொண்டான். "கார் அறுபத்தொண்ணு. யெர்சின் இடத்துல துலத்," என்றான்.

*

பதினைந்து நிமிடம் நன்றாகவே ஓட்டினான். பிறகு பெல்ஜியக் காட்டுத் தடத்தின் தூரத்து மூலையில் மேகம் கறுத்தது.

"மழை வருது," என்றான் வதீம். எல்லாரும் ஒரே ஆளைத்தான் நினைத்துக்கொண்டார்கள். "டயர் மாத்திட்டுப் போ. மெதுவா போனாலும் போதும்."

ஈர டயர் போட்டுக்கொண்டு கிளம்பிய முதல் சுற்றிலேயே துலத் புல்லில் இறங்கினான். இரண்டாம் சுற்றில் வண்டி முழு வட்டம் சுற்றி நின்றது. ஆறாவது இடம். கம்ஷத் பக்கத்துச் சிறு திரையில் பார்த்துக்கொண்டிருந்தாள். வெயிலில் எல்லாரும் போகும் கோட்டிலேயே அவன் போனான். அங்கேதான் ரப்பர் படிந்து கிடக்கும். தண்ணீர் பட்டால் அது எண்ணெய் ஊற்றின தரை.

"ஸ்டீயரிங் கையிலயே இல்லாத மாதிரி இருக்கு," என்றான் துலத். மைக்கை அணைத்துவிட்டுத் தொடர்ந்தான். "அண்ணனோட கடைசி ரேஸ். நான் செவுத்துல மோதி முடிக்கப் போறேன்."

"பிட்டுக்கு வா, எர்கே."

"இப்பத்தானே டயர் மாத்தினேன்?"

"டயருக்கு இல்ல. நீ எறங்கு."

"என்ன?"

"எறங்குன்னேன்."

அவள் குரலை உயர்த்தவில்லை. எதனால் அதற்குக் கட்டுப்பட்டான் என்று துலத்துக்கே பின்னால் புரியவில்லை. கார் பிட்டுக்குள் நின்றது, பெட்ரோல் ஊற்றும் கணக்கு ஓடத் தொடங்கியது. அவன் எழுந்தான், அவள் உட்கார்ந்தாள். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள். சிறு திரையின் அருகே இருந்த லென்ஸ்களை எடுத்துப் பார்க்காமலே பொருத்தினாள். அடியிலிருந்த கம்பியைப் பிடித்து இருக்கையை இழுத்தாள். நான்கு பல் மாறிய சத்தம் கேட்டது.

துலத் சுவரில் சாய்ந்து நின்றான்.

கண்ணாடியில் மழை. வைப்பர் போனது, வந்தது. கம்ஷத்துக்குச் சந்தோஷமாகவோ துக்கமாகவோ இல்லை. கைக்கு வேலை இருந்தது, அவ்வளவுதான். சாதாரணக் கோட்டை விட்டு வெளிப்பக்கமாக, யாரும் போகாத சொரசொரப்பான தாரில் போனாள். வளைவில் ஒரு கியர் கூட்டி, எஞ்சினை முனகவிட்டுத் திரும்பினாள். சிவப்பு வெள்ளை ஓரக் கற்களைத் தொடவில்லை. ஸ்டீயரிங் லேசானால் கையையும் லேசாக்கினாள். ஐந்தாவது. இரண்டு சுற்றில் நான்காவது.

ஒலிபெருக்கியில் வதீம் மெதுவாகக் கேட்டான். "துலத். என்னடா பண்றே நீ?"

துலத் சிறு திரையைப் பார்த்தபடி நின்றான். அந்த வெளிக்கோடு அவனுக்கு நன்றாகத் தெரியும். எத்தனையோ முறை அதைப் பார்த்து, அதைப் போல் ஓட்ட முயன்று தோற்றிருக்கிறான்.

"அண்ணன் வந்து உக்காந்துட்டான்டா," என்றான் வதீம். அவன் குரல் உடைந்தது. "சத்தியமா சொல்றேன். அதே கோடு. உன் ரத்தத்துல இருந்திருக்கு, நீ இத்தனை நாள் ஏமாத்திட்டே."

தாஷ்கெண்டில் ஷுஹ்ரத் ஏதோ துவா முணுமுணுத்தது கேட்டது.

"பேசாதீங்க அண்ணி," என்றான் துலத், அவள் காதருகே. "அப்படியே இருக்கட்டும்."

பேசாமல் இருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரியப் போவதில்லை. யெர்சினின் பெயர் நிற்கும், துலத்துக்குப் பாராட்டுக் கிடைக்கும். மழையில் ஓட்டியவர் என்ற இடத்துக்கு இன்னொரு ஆண்பிள்ளை வந்து சேர்வான், அவ்வளவுதான். ஸ்டீயரிங்கின் இடப்பக்கம், பெருவிரலுக்கு எட்டும் இடத்தில், பேசும் பொத்தான் இருந்தது. மூன்று வருடத்தில் அவள் அதை ஒரு முறைகூட அழுத்தியதில்லை.

அழுத்தினாள்.

"ஓட்டறது துலத் இல்லை," என்றாள். அந்தப் பெயர் அவள் வாயிலிருந்து வந்ததும் பின்னால் குல்யாஷ் மூச்சை உள்ளிழுத்தது கேட்டது. "யெர்சினோட மனைவி. கம்ஷத்."

நீளமான ஒரு நேர்ச்சாலையில் அவள் ஒரு காரைத் தாண்டினாள்.

"இன்னிக்கா?" என்றான் வதீம் கடைசியில்.

"மழை பெஞ்ச எல்லா நாளும்."

"நிகோலாயேவ்கா கோப்பை ரேஸ்லயும்?"

"அன்னிக்கும்."

"போன வருஷம் மூணு ஜெயிச்சோம்."

"ரெண்டு என்னோடது. ஒண்ணு வெயில்ல ஜெயிச்சது. அது அவரோடது."

"அப்ப ஊமைன்னு நாங்க கிண்டல் பண்ணினதெல்லாம்..." என்றான் ஷுஹ்ரத்.

"கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

ஷுஹ்ரத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்டு, "மன்னிச்சிருங்க, இன்னிக்குப் போய்," என்றான்.

வதீம் சிரிக்கவில்லை. ரயில்களை ஒன்றோடொன்று மோதாமல் அனுப்பும் வேலை செய்கிறவன். "நான் லீக்குக்கு எழுதியாகணும். தெரிஞ்சுக்கிட்டு மறைக்க என்னால முடியாது. வியாழக்கிழமை முடிவு சொல்வாங்க. ரெண்டு சீசன் போகும்."

"எழுதுங்க."

"இன்னிக்கு வர்ற இடமும் எண்ண மாட்டாங்க."

"சரி."

பிறகு வதீம் வழக்கமாக யெர்சினிடம் பேசும் வறண்ட குரலில் சொன்னான்: "முன்னால போறவன் மேல் வளைவுல அகலமா போறான். உள்பக்கம் இடம் இருக்கு. இன்னும் அஞ்சு ரவுண்டு. பாத்துப் போங்க."

இரண்டாவதாக வந்தாள். கொடி இறங்கியதும் காரை மெதுவாக ஓட்டிவந்து கொட்டகையில் நிறுத்தி எஞ்சினை அணைத்தாள். ஹெட்செட்டைக் கழற்றியபோது பால்கனியில் யாரும் இல்லை.

*

சமையலறையில் தாயும் மகனும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

"அவனுக்கு ஏன் ஓட்ட முடியலையாம்? என் மகன் மழைக்குப் பயந்தவனா?" என்றாள் குல்யாஷ்.

"பயம் இல்ல அத்தை. தலை சுத்தும். வைப்பர் ஆடறதைப் பாத்தா வாந்தி வந்துடும்."

துலத் தலையை நிமிர்த்தினான். "அண்ணனுக்கு வாந்தியா? அதெல்லாம் கதை."

"கதை இல்லடா," என்றாள் குல்யாஷ். அவள் பார்வை மேஜை மேல் இருந்தது. "கர்கரலி பஸ்ல ஏத்தினா போதும், மூணாவது கிலோமீட்டர்ல ஆரம்பிச்சிடுவான். பை கொடுத்துத்தான் கூட்டிட்டுப் போவேன். டிரைவர் பக்கத்துல நின்னா வராதுன்னு கண்டுபிடிச்சான். அஞ்சு வயசு. முன் கண்ணாடியைப் பிடிச்சுக்கிட்டு ஊர் வர்ற வரைக்கும் நிப்பான். வெயில் நாள்ல. மழைன்னா அங்க நின்னாலும் வந்துடும்." நிறுத்தினாள். "நீ பிறக்கல அப்ப."

"அப்ப கண்ணு?"

"கண்ணு நல்லாத்தான் இருந்தது," என்றாள் கம்ஷத். "லென்ஸ் என்னோடது."

துலத் முதல் முறையாக அவளுடைய மூக்குக்கண்ணாடியைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"கொழுந்தன் பேரைச் சொல்லிட்டே," என்றாள் குல்யாஷ்.

"சொல்லிட்டேன் அத்தை."

"ஊருக்கே கேக்கற மாதிரி."

"ஆமா."

குல்யாஷ் எழுந்து ஜன்னலைப் பார்த்தாள். எதிர்க் கட்டடத்தின் மேல்மாடி ஜன்னல்களில் மட்டும் வெயில் மிச்சமிருந்தது. "பொழுது சாயுது. அதை எடுத்துட்டுப் போ, துலத். மத்ததை அப்புறம் பேசிக்கலாம்."

துலத் ஸ்பானரோடு பால்கனிக்குப் போனான். சட்டத்திலிருந்து ஸ்டீயரிங்கைக் கழற்ற ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும், கம்ஷத் பிடித்துக்கொண்டாள். கனமாக இருந்தது. நான்கு திருகாணியையும் அவன் கழற்றி அவள் உள்ளங்கையில் ஒவ்வொன்றாக வைத்தான். பெடல்கள், வயர்கள், ஹெட்செட், எல்லாம் மாவு மூட்டைப் பையில் போயின. தபரிக்கைத் திருப்பிக் கேட்பது கிடையாது. அவள் கேட்கவில்லை, அவனும் வேண்டுமா என்று கேட்கவில்லை.

வாசலில் பையைத் தோளில் ஏற்றியவன் திரும்பினான்.

"அண்ணி. எனக்கு ஒண்ணு வேணும்."

"சொல்லு."

"எல்லா ரேஸோட பதிவும் என்கிட்ட இருக்கு. ராத்திரியில போட்டுப் பாப்பேன். நாப்பது நாளா அதான் பாக்கறேன்." எச்சிலை விழுங்கினான். "எது அவன், எது நீங்கன்னு எனக்குத் தெரியணும். ஒவ்வொண்ணா எழுதிக் கொடுங்க. நான் யாரைப் பாத்து அழுதுக்கிட்டிருந்தேன்னு தெரியணும்."

"எழுதறேன்."

அவன் படியிறங்கும் சத்தம் கீழ்மாடி வரை கேட்டது. குல்யாஷ் பாத்திரம் கழுவத் தொடங்கியிருந்தாள். தண்ணீரை வழக்கத்தைவிட அதிகமாகத் திறந்துவிட்டுக் கழுவினாள்.

கம்ஷத் சமையலறை மேஜையிலேயே ஒரு தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தேதிகள் அவளுக்கு மறக்கவில்லை. முதல் வரி: 'செப்டம்பர் பன்னிரண்டு. மழை வரை அவர், பிறகு நான்.' இரண்டாவது: 'அக்டோபர் மூன்று. வெயில். அவர்.' கை தடையில்லாமல் எழுதியது.

மூன்றாவதில் நவம்பர் ஏழு என்று தேதியைப் போட்டாள். அன்று எச்சரிக்கை இல்லாமல் மழை கொட்டியது. பிட்டுக்கு இன்னும் பாதிச் சுற்று இருந்தது, யெர்சினுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அவன் ஹெட்செட்டுக்குள் கண்களை இறுக்க மூடிக்கொண்டான். "நீ பாத்துச் சொல்லு," என்றான். அவள் சிறு திரையைப் பார்த்து, அவன் தோளில் கை வைத்து, இடது, இன்னும் இடது, பிரேக், விடு, இப்ப நேரா என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஏழு வளைவு. ஓரிடத்தில்கூட உரசாமல் கொண்டுவந்து நிறுத்தினார்கள். எஞ்சின் நின்ற பிறகும் அவன் கண்ணைத் திறக்கவில்லை. வந்துட்டோமா என்று கேட்டான்.

'அவர்' என்றோ 'நான்' என்றோ எழுதாமல், தேதிக்குப் பக்கத்தில் பேனா நின்றது.

"என்ன எழுதறே?" என்றாள் குல்யாஷ், குழாயை மூடாமலே.

"யார் ஓட்டினதுன்னு அத்தை."

"தெரியாதா?"

கம்ஷத் பதில் சொல்லப் பார்த்தாள். நாற்பது நாளாக வராத அழுகை அப்போது வந்தது. அது ஒப்பாரி இல்லை, சொல்லும் இல்லை. குல்யாஷ் குழாயை மூடிவிட்டு, ஈரக் கையோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். தாளில் நவம்பர் ஏழுக்குப் பக்கம் இன்னும் வெறுமையாக இருந்தது.